உறைப்பு வந்த வழி

சித்திரை மாதத்து மத்தியானம். பாலையூற்றில் பெரியம்மா வீட்டில் சோறு தின்றுவிட்டு, வெக்கைக்குப் பாய் விரிக்காமல் சிமெந்துத் தரையில் படுத்திருந்தோம். குசினிக்குள் 'டப்' என்று ஒரு வெடி. யுத்த காலத்துத் திருகோணமலையில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். யாரும் எழும்பவில்லை, இன்னும் பதிந்து படுத்தோம். கொஞ்ச நேரம் பொறுத்து பெரியம்மா மட்டும் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை பிள்ளையள், கொச்சிக்காய்தான்."

சுவரில் சிவப்பு, தட்டில் சிவப்பு, கூரை மரத்தில்கூடச் சிவப்பு. ஒரு பழைய சாராயப் போத்தல் தன் மூடியைத் துப்பிவிட்டு, வயிற்றிலிருந்த அரைத்த கொச்சிக்காயில் பாதியையும் துப்பியிருந்தது. துடைக்கப் போன அண்ணன் அந்தக் கையோடு கண்ணைக் கசக்கியதுதான் அன்றைய ஒரே காயம்.

போத்தலுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. பழுத்த கொச்சிக்காயை உப்பும் உள்ளியும் சேர்த்துப் பச்சையாக அரைத்து, காய்ச்சாமல், வினாகிரி ஊற்றாமல், மூடியை இறுக்கித் திருகி வைத்திருந்தார் பெரியம்மா. உப்புக்குள்ளும் பிழைக்கக்கூடிய நுண்ணுயிர்கள் காயிலிருந்த சர்க்கரையைத் தின்று புளிக்க வைத்தன, காற்றைக் கக்கின. தோசை மாவைப் பொங்க வைப்பதும் அந்தக் கூட்டம்தான். மாப்பானை திறந்திருப்பதால் பொங்கி வழியும். போத்தல் இறுகியிருந்ததால் வெடித்தது. பெரியம்மா செய்தது பிழையும் இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில், ஏவரி தீவில், எட்மண்ட் மக்கிலெனி என்பவர் 1868-இல் தொடங்கிய டபாஸ்கோ சோசுக்கு இன்றைக்கும் அரைத்த மிளகாயை உப்போடு மரப்பீப்பாயில் போட்டு ஆண்டுக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். பீப்பாய் மூடிக்கு மேல் உப்பைக் குவித்து விடுவார்கள். உள்ளே உண்டாகும் காற்று உப்பைத் துளைத்து வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பெரியம்மாவிடம் இருந்தது இறுகின மூடி. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோஸ் காய்ச்சாமல் போத்தலுக்குள் போனதில்லை. அடுப்படித் தட்டில் எப்போதும் ஒரு போத்தல் நிற்கும். மரவள்ளி பொரித்தால் அது இறங்கும், றோல்ஸ் வாங்கி வந்தால் இறங்கும், மழை நாளில் கச்சான் வறுத்தாலும் ஒரு துளி இறங்கும். வீட்டிலேயே செய்வது, ஊரிலேயே செய்வது என்று பெரியம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனால் அந்தப் போத்தலில் இருந்ததில் உப்பையும் தண்ணீரையும் தவிர மற்றதில் பெரும்பகுதி ஏதோ ஒரு துறைமுகத்தைத் தாண்டி வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள்தான் இதை முதலில் மறக்கிறார்கள் போலிருக்கிறது.

காயின் பெயரில் இருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்தார் மிளகாய் என்பார்கள்; கிழக்கில் எங்களுக்குக் கொச்சிக்காய். இரண்டு பெயருமே 'இது வந்தேறி' என்று ஒப்புக்கொள்கிற பெயர்கள். மிளகைப் போல உறைக்கும் காய், ஆகவே மிளகாய். சங்கச் செய்யுள்களில் 'கறி' என்றால் பெரும்பாலும் மிளகுதான். யவனக் கப்பல்கள் முசிறிக்கு வந்து ஏற்றிப் போனதும் அதைத்தான். உறைப்புக்கு நம்மிடம் வேறு அளவுகோல் இருக்கவில்லை. கொலம்பஸுக்கும் அதே சங்கடம் வந்தது. மிளகைத் தேடிப் புறப்பட்டவர் கரீபியத் தீவில் இந்தக் காயைக் கண்டார். 1493 சனவரியில் தன் நாட்குறிப்பில், 'அஹி' என்று இவர்கள் சொல்வது இவர்களுடைய மிளகு என்ற கருத்தில் எழுதினார். ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் பிமியெந்தா, இதற்குப் பிமியெந்தோ. பெண்பாலை ஆண்பாலாக்கி ஒரு பெயர் ஆயிற்று. நாம் 'காய்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டோம். உலகத்தின் இரண்டு மூலைகளில், ஒருவரை ஒருவர் கேளாமலே, ஒரே வேலை.

கொச்சிக்காய் என்ற பெயர் இன்னும் நேர்மையானது. அது எந்தத் துறையிலிருந்து வந்ததென்று முகவரியோடு சொல்கிறது: கொச்சி. 1500-களில் அது போர்த்துக்கேயரின் துறைமுகம். சிங்களத்திலும் மிகவும் உறைப்பான சின்னக் காய்க்கு 'கொச்சி' என்றே பெயர். ஒரு தீவின் இரண்டு மொழியும் ஒரே துறைமுகத்தின் பெயரை நாக்கில் வைத்துக்கொண்டிருக்கின்றன.

போர்த்துக்கேயர் காயை மட்டும் விட்டுப்போகவில்லை. பெரியம்மா சோஸ் காய்ச்சுவது குசினியில். அதில் ஊற்றுவது வினாகிரி. தொட்டுத் தின்பது பாணோடு. மிஞ்சியதை வைப்பது அலுமாரியில். நான்கும் அவர்களுடைய சொற்கள். திருகோணமலையில் அவர்கள் இருந்த காலம் என்னவோ கொஞ்சம்தான். 1620-களில் கோணேசர் மலைக் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639-இல் கண்டி அரசனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். பதினைந்து வருடம் சொச்சம். கோயிலை இடித்ததை ஊர் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. ஆனால் அடுப்படியில் அவர்களுக்கு அவ்வளவு எதிர்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

பாலையூற்றில் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. லூர்து அன்னை திருத்தலம் இருக்கும் இந்த ஊரில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. மட்டக்களப்பிலும் இங்கேயும்தான் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இலங்கையில் இன்னும் மூச்சு விடுகிறது. வீட்டில் முதியவர்கள் பேசுவார்கள். இளையவர்களுக்குத் தமிழே வாய்மொழி. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பறங்கி அன்ரி நத்தாருக்குக் கேக்கும், வினாகிரியில் ஊறிய இறைச்சிக் கறியும் அனுப்புவார். பெரியம்மா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் அனுப்புவார். காய்ச்சின சோஸில் வினாகிரியைக் கடைசியில் ஊற்றாமல் முதலிலேயே ஊற்ற வேண்டும் என்ற பாடம் அந்த வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தது.

விதைக்கு வேலியும் இல்லை, பொட்டும் தேவையில்லை. மிளகாயின் உறைப்பு பாலூட்டிகளின் வாயைத்தான் சுடும். பறவைகளுக்கு அது தெரியாது. குருவி தின்ற பழத்தின் விதை எச்சத்தோடு விழுந்து முளைக்கும். கிணற்றடியிலும் வேலியோரத்திலும் யாரும் நடாமல் நின்று, காய்களை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கொச்சி அப்படித்தான் வருகிறது. கப்பலில் வந்த சரக்கைக் கரையிலிருந்து உள்ளூருக்குக் கொண்டுபோன சுமைகூலிகள் குருவிகள்.

ஒல்லாந்தர் காலத்தில் வந்து சேர்ந்தது இன்னொரு சொல்: சம்பல். பத்தாவியாவில் இருந்து அவர்கள் மலாய்ச் சிப்பாய்களையும் குடும்பங்களையும் கொண்டுவந்தார்கள். மலாய், ஜாவா மொழிகளில் அரைத்த மிளகாய்க்கு 'சம்பல்', 'சம்பெல்'. எங்கள் ஊரில் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டாச் சம்பல். தமிழ்நாட்டார் 'சட்னி' என்று சொல்லும் இடத்தில் ஈழத்துத் தமிழன் 'சம்பல்' என்பதற்குப் பின்னால் ஒரு கப்பல் பாதை இருக்கிறது.

கட்டாச் சம்பலைத்தான் நான் சோஸின் தாய் என்பேன். அம்மியில் ஏழெட்டுச் செத்தல், அதாவது காய்ந்த கொச்சிக்காய்; கூடவே கல் உப்பு. நிலாவெளி உப்பளத்து உப்பானால் நல்லது. தண்ணீர் தொடாமல் முதலில் செத்தலை உப்போடு நொருக்க வேண்டும். உப்பின் கூர்தான் தோலைக் கிழிக்கும். விதை முழுசாகத் தெரிகிற பதத்தில் நிறுத்தி, ஒரு துண்டு மாசிக் கருவாட்டை வைத்து இடிக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை அரைக்கக் கூடாது, குழவியால் ஒரு நசுக்கு மட்டும். கடைசியாகத் தேசிக்காய்ப் புளி. அவித்த மரவள்ளிக் கிழங்கில் ஆவி பறக்கும்போது இதைத் தொட்டுத் தின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தின்னாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை.

அந்தத் தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கொச்சிக்காய் மெக்சிக்கோப் பக்கத்துப் பயிர். மரவள்ளி தென்னமெரிக்கா, இலங்கைக்கு ஒல்லாந்தர் கொண்டுவந்தது. பக்கத்தில் வறுத்த கச்சான் வைத்தால் அதுவும் தென்னமெரிக்கா. சோளன், தக்காளி, பப்பாசி, கஜு எல்லாம் அந்தக் கரைதான். கோதுமை மாவுக்கு எங்கள் பெரியவர்கள் வைத்த பெயர் 'அமெரிக்கன் மா'. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் அமெரிக்கப் பயிர் அல்லாதது கோதுமை ஒன்றுதான்.

இத்தனை வந்தேறிகளில் கொச்சிக்காய் மட்டும் சாமியறை வரைக்கும் போய்விட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் செத்தலும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டு நாவூறு கழிப்பார் பெரியம்மா. இருமல் வந்தால் நாவூறில்லை, வராவிட்டால் நாவூறு என்பது கணக்கு. ஐந்நூறு வருடத்துக்குள் ஒரு வெளிநாட்டுக் காய்க்குக் கிடைத்த பதவி உயர்வு இது. உருளைக்கிழங்குக்கு இது கிடைக்கவில்லை.

பெரியம்மாவின் இளமைக் காலத்தில் கொச்சிக்காய் ஊர்ச் சரக்காகவே இருந்தது. 1970-இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. அதே காலத்தில் வடக்கிலும் வன்னியிலும் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும், விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர்களைக் குடியேற்றிய திட்டங்களிலும் மிளகாய்ச் செடி காசு காய்த்தது. அந்தக் காசில் கட்டிய கல்வீடுகள் பல. மஹா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய எம்.ஐ. 1, எம்.ஐ. 2 இன மிளகாய்கள் வறண்ட நிலம் முழுக்கப் பரவின. 1977-இல் அரசாங்கம் மாறியது, பொருளாதாரம் திறந்தது, வெளிநாட்டுச் செத்தல் இறங்கியது, விலை விழுந்தது. பின்னால் வந்த யுத்தத்தில் தோட்டங்களே காடாயின. வடக்கின் கசப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலை எழுதுகிறார்கள், மொழிச் சட்டத்தை எழுதுகிறார்கள். விழுந்துபோன மிளகாய் விலைக்கும் அதில் ஒரு வரி கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது பாலையூற்றுக் கடையில் நிறுக்கும் செத்தலில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. ஆந்திராவின் குண்டூர்ச் சந்தை ஆசியாவிலேயே பெரிய மிளகாய்ச் சந்தை. தேஜா, சன்னம் என்ற இனங்கள் அங்கிருந்து சாக்கில் புறப்படுகின்றன. கப்பல் கொழும்பில் இறக்குகிறது, புறக்கோட்டை மொத்தக் கடைகளில் கை மாறுகிறது, பிறகு லொறியில் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடித் திருகோணமலைக்கு வருகிறது. உலகத்து இயற்கைத் துறைமுகங்களில் பெயர்பெற்ற ஒன்றின் கரையில் இருந்துகொண்டு, கொச்சிக்காய்க்குக் கண்டி வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பாவின் நாலு கடற்படைகள் அடிபட்டன. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். இதன் கரையிலுள்ள பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி இன்றைக்கும் அரசாங்கங்கள் பேசுகின்றன. கொச்சிக்காய் வியாபாரி மட்டும் இதை மதிக்கவில்லை.

ஆனால் கோதுமை இங்கேதான் இறங்குகிறது. சீனக்குடாவில் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் கட்டிய மாவாலை 1980-இல் அரைக்கத் தொடங்கியது. உள்துறைமுகத்தின் கரையில் அந்தக் குதிர்கள் உயர்ந்து நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சுடும் பாணும் றொட்டியும் பெரும்பாலும் இந்தக் குடாவைத் தொட்டுப் போனவை. அதோடு எங்கள் ஊர்ப் பின்னேரத் தேத்தண்ணியின் தன்மையே மாறியது. அவலும் அவித்த கிழங்கும் இருந்த இடத்தில் றோல்ஸ், பற்றிஸ், கட்லட். இவற்றுக்குச் சம்பல் ஒத்துவராது. பொரித்த தூள் உடையும், சம்பல் கையில் ஒழுகும், சட்டையில் மாசி மணக்கும். ஊற்றித் தின்ன ஒன்று வேண்டியிருந்தது. சோஸ் அந்த இடைவெளிக்குள்ளால்தான் நுழைந்தது.

சோஸ் என்ற சொல்லும் போத்தலும் வெள்ளைக்காரனுடையவை. இங்கிலாந்தில் லீ அன்ட் பெரின்ஸ் தங்கள் வூஸ்டர் சோஸை 1837-இல் விற்கத் தொடங்கியபோது அதில் புளியும் மிளகாயும் சேர்ந்திருந்தன. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. கப்பற்பட்டறையில் வேலை செய்த எங்கள் பாட்டன்மார் துரைமாரின் மேசையில் போத்தலைக் கண்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தது குறைவு. சிவப்பு மிளகாய்ச் சோஸை எங்களுக்குப் பழக்கியது சீனச் சாப்பாட்டுக் கடைகளும், 'சைனீஸ் றோல்ஸ்' என்று இலங்கையர் பெயர் வைத்த அந்தப் பண்டமும். சீனாவில் அந்த றோல்ஸைத் தேடிப் போகாதீர்கள். மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து, மெல்லிய றொட்டிக்குள் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரித்தது சுத்தமான இலங்கைக் கைவேலை.

கடைச் சோஸ் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இனிப்புத் தண்ணி" என்பார். ஆகவே தானே செய்யத் தொடங்கினார். முதல் முயற்சி கூரை மரத்தில் முடிந்தது. இரண்டாவதிலிருந்து அவர் பிடித்த முறை இது. நான் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது.

கால் கிலோ செத்தல். காம்பு பிடுங்கி, பாதி காய்களில் விதையைத் தட்டிவிட வேண்டும். விதைதான் உறைப்பு என்று எல்லோரும் நம்புகிறோம். உறைப்பு உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில் இருக்கிறது. விதையை எடுப்பது உறைப்பைக் குறைக்க இல்லை, அரைக்கும்போது நறநறக்காமலிருக்க. தட்டிய செத்தலை வெந்நீரில் ஒரு அலசு அலசி, அரைப் போத்தல் தென்னை வினாகிரியில் ஒரு இரவு ஊற வைப்பது. எந்தப் பாத்திரத்தில் என்பது முக்கியம். அலுமினியச் சட்டியில் ஒருமுறை ஊற வைத்து, காலையில் சட்டியின் உட்புறம் கறுத்துப் புள்ளி விழுந்ததைக் கண்டபிறகு, மண்சட்டி அல்லது கண்ணாடி.

காலையில் செத்தல் பருத்துத் தோல் மினுங்கும். ஒரு முழு உள்ளிப் பூடு, விரல் நீளம் இஞ்சி, நன்கு பழுத்த பப்பாசிப்பழத்தில் ஒரு கீற்று. தடிப்புக்குக் கடைக்காரர் மாச்சத்துச் சேர்ப்பார்கள், பெரியம்மாவுக்குப் பப்பாசி. எல்லாவற்றையும் ஊறிய வினாகிரியோடு அரைத்து, கண்ணறைச் சல்லடையில் அகப்பையால் தேய்த்து வடித்து, மெல்லிய நெருப்பில் வைப்பார். இந்த நேரத்தில் குசினிக் கதவும் யன்னலும் திறந்திருக்க வேண்டும். வினாகிரி ஆவியோடு மிளகாய் ஏறினால் மூன்று வீடு தாண்டி இருமுவார்கள். நாவூறு இல்லை என்று சந்தோசப்படலாம்.

கொதி வந்து அடங்கியபின் உப்பும் சீனியும். அளவைக் கேட்டால் "நாக்கிலை பார்" என்பார். நான் அளந்த கணக்கில் சீனி நாலு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு மேசைக்கரண்டி அளவில் வந்தது. பதம் பார்ப்பது பீங்கான் தட்டில்: ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சரித்தால், சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் பிரியக்கூடாது. பிரிந்தால் இன்னும் பத்து நிமிடம். தண்ணீரில் அவித்துக் காயவைத்த போத்தலில் சூடாகவே ஊற்றி, சூட்டோடு மூட வேண்டும். வினாகிரிப் புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்தப் பழைய நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு இடமில்லை. அப்படியிருந்தும் முதல் நாளிரவு பெரியம்மா மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தித்தான் வைப்பார். ஒருமுறை சூடுபட்ட பூனை.

இந்தச் சோஸ் கைக்கு வந்தபின் வீட்டுத் தீன் எல்லாம் லேசாகியது. மரவள்ளியைச் சீவல் சீவலாகப் பொரித்து, சூடு ஆறுமுன் ஒரு கரண்டி சோஸும் கொஞ்சம் உப்பும் விட்டுச் சட்டியைக் குலுக்கினால் போதும். அவித்த கொண்டைக்கடலையை எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலையோடு வதக்கிக் கடைசியில் சோஸ் ஊற்றி நெருப்பைக் கூட்டினால் 'டெவல்' கடலை. ஆங்கிலேயன் உறைப்பான சமையலுக்குப் பேயின் பெயரை வைத்தான். அவன் ஊரில் அது அருகிவிட்டது, இலங்கைக் கடைகளில் இறால் டெவல், கோழி டெவல் என்று பேய் இன்னும் உலாவுகிறது. மாங்காய்க் கீற்றுக்கும் அம்பரலங்காய்க்கும் சோஸ் வேண்டாம், உப்பும் வெறும் மிளகாய்த்தூளும்தான் சரி. அதில் பெரியம்மாவோடு எனக்குக் கருத்து வேறுபாடில்லை. இறால் வடைக்குத்தான் சண்டை. பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்ததன் மேல் சோஸ் ஊற்றினால் இறாலின் இனிப்புப் போய்விடும் என்பது என் கட்சி. அவர் ஊற்றுவார்.

உறைப்பு ஏறிக் கண் கலங்கினால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க விடமாட்டார். ஒரு பிடி துருவிய தேங்காயை மென்று துப்பச் சொல்வார். காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அது சுடுவதும் உண்மையில் சுடுவதல்ல. சூட்டை அறியும் நரம்பு வாயிலைப் போய்த் தட்டுகிறது, மூளை நெருப்பென்று ஏமாறுகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தேங்காய்த் துருவல் வைத்தியத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

2022-இன் பொருளாதார நெருக்கடியில் காஸ் சிலிண்டர் இல்லை, பால்மா இல்லை, மாவுக்கும் தட்டுப்பாடு. பெரியம்மா முற்றத்தில் கல் வைத்து விறகு மூட்டினார். அவித்த கிழங்கு மறுபடி பின்னேரச் சாப்பாடாகியது, அம்மி மறுபடி கழுவப்பட்டது. சோஸுக்கு ஒரு மணித்தியாலம் விறகு எரிக்க அவருக்கு மனம் வரவில்லை. றோல்ஸ் போனது, சோஸ் போனது, கட்டாச் சம்பல் திரும்பி வந்தது. செத்தல் விலையைக் கேட்டுவிட்டுக் காய்களை எண்ணிப் போட்டார்.

அந்த வருடம்தான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில், இங்கே கடைகளில் சேவல் படம் போட்ட சோஸ் கிடைக்குதில்லை என்று குறைப்பட்டாள். மெக்சிக்கோவில் மழை பொய்த்து மிளகாய் விளையவில்லையாம். காஸ் இல்லாத வீட்டில் இருந்து அதைக் கேட்க எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தச் சேவலுக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. சிறிராச்சா என்பது தாய்லாந்துக் கரையில் ஒரு துறைமுக ஊர்; அந்த ஊர்ச் சோஸின் பெயரை எடுத்து, வியட்நாமிலிருந்து அகதியாகப் போன டேவிட் ட்ரான் 1980-இல் லொஸ் ஏஞ்சலிஸில் தன் சோஸைத் தொடங்கினார். அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர் ஹூய் ஃபோங். கம்பனிக்கு அந்தப் பெயரையே வைத்தார். சேவல் ஆண்டில் பிறந்தவர், அதனால் போத்தலில் சேவல். பாலையூற்றில் குண்டூர்ச் சாக்குகள் வந்து சேர்ந்த அதே காலத்தில், எங்கள் சனமும் பெட்டியில் வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலங்களோடு ரொறொன்ரோ விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. காய் புறப்பட்ட கண்டத்துக்கே அதைத் தூளாக்கிக் கொண்டுபோனோம்.

அடுத்த வருடம் மச்சாள் விடுமுறைக்கு வந்தபோது தட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருந்தது. பச்சை மூடியோடு ஒரு சேவல் போத்தல் கொண்டுவந்தாள். பெரியம்மா பின்னேர மரவள்ளியில் ஒரு சொட்டு விட்டு, வாயை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உள்ளி கூட. நல்லாத்தான் இருக்கு. ஆனால் பிள்ளை, இது காய்ச்சின கொச்சிக்காயில்லை, புளிச்சது."

மச்சாள் கையில் தொலைபேசியை எடுத்து ஏதோ தேடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஒரு மாதத்தில் போத்தல் காலியானது. பெரியம்மா அதைக் கழுவினார். வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்று வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தார். அன்று காய்ச்சின சோஸை ஆறவிட்டு அதற்குள் ஊற்றி, தட்டில் பழைய இடத்தில் நிறுத்தினார். பச்சை மூடியைத் திருகி, பிறகு ஒரு சுற்றுத் தளர்த்தினார்.